இறுவட்டில் அக்கா

அத்தியாயம் 17

வெளியீட்டு விழா காலை பத்து மணிக்கு என்று அழைப்பிதழில் இருந்தது. இரத்தினம்மா விடியுமுன்பே முழுகி, மருதமுனைச் சேலையை உடுத்து, தலையின் ஈரம் காயாமலே முன் அறைக் கதிரையில் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா, இன்னும் கோழியும் கூவல்ல," என்றாள் ஆர்த்திகா.

"கோழிக்கு என்ன அவசரம்? முதற்பிரதி வாங்கிறது நான்தானே, கோழியா?"

உள்ளே சேர்ட்டை அயன் பண்ணிக்கொண்டிருந்த பிரதீஸ் சிரித்துவிட்டான். அவன் சிரிப்புச் சத்தம் கேட்டு ஆர்த்திகா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். பாசிக்குடாவில் ஹோட்டல் கட்டுமிடத்தில் வயரிங் வேலை செய்கிறவன், வார முடிவில் வந்தால் தூங்கியெழுந்து போகிறவன், இன்று லீவு போட்டு வந்து சிரிக்கிறான்.

கடல் வந்து போன ஆறாவது வருஷம் முடியப் போகிறது. சண்டை முடிந்தும் ஒரு வருஷம் தாண்டிவிட்டது. திராய்மடு வீட்டுத்திட்டத்தில் இருக்கிற இந்தச் சின்ன வீடு இவ்வளவு காலத்தில் இப்படி விடிந்ததே இல்லை. இன்றைக்கு கேதீஸ்வரியின் குரலைக் கேட்கப் போகிறார்கள்.

தொடர்ந்து வருகிறவர்களுக்குத் தெரியும். இடையில் வந்தவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நல்லரத்தினம் சேர் எங்கள் பகுதியில் பேர்பெற்ற நாடகக்காரர். நாடகம் பல எழுதியவர், படம் ஒன்றுதான் எடுத்தார். அதுவும் சண்டை ஓய்ந்திருந்த 2004இல். 'பாதி ஆறு' என்று பெயர். வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். படத்தில் கதை என்று ஒன்றும் இல்லை. ஒரு பெண் ஆற்றோரமாக நடந்துகொண்டே இருப்பாள். கமரா அவள் முதுகுக்குப் பின்னாலேயே போகும். முகம் ஒரு இடத்திலும் வராது. குரல் மட்டும் வரும். நடந்தது யாரோ ஒரு மாணவி. குரல் கொடுத்தது, சேரின் நாடகங்களில் நடித்துவந்த கேதீஸ்வரி.

படம் ஒரு நாடாவில், குரல் இன்னொரு நாடாவில். இரண்டையும் சேர்த்து ஓட்டி ஒரே ஒரு தடவைதான் காட்டினார்கள். பாதிச் சனம் இடையில் எழுந்து போய்விட்டது. அடுத்த மாதம் கடல் வந்தது. கல்லடியில் இருந்த வீட்டோடு கேதீஸ்வரியும் போனாள்.

பிரதீஸ் அப்போது அவளுடைய புருஷன். மூன்று வருஷத்துக்கு முன் பெரியவர்கள் கூடி, நல்ல மருமகனை வெளியே விடக் கூடாது என்று பேசி, தங்கச்சி ஆர்த்திகாவை அவனுக்குக் கட்டிவைத்தார்கள்.

இனிச் சொல்லப்போவது ஆர்த்திகாவின் நெஞ்சுக்குள் மட்டும் இருந்தது.

இந்த வருஷம் சித்திரை கழிந்து நல்லரத்தினம் சேர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். படத்தின் பிரதி கொழும்பில் இருந்ததால் தப்பிவிட்டது. குரல் நாடா அவருடைய வீட்டில் இருந்ததால் உப்புத் தண்ணீரில் ஊறி அழிந்துவிட்டது. வெளிநாட்டில் இருந்தெல்லாம் படத்தைக் கேட்கிறார்கள், டிவிடி இறுவட்டாகப் போடலாம், ஆனால் குரல் இல்லை.

"உனக்கும் அக்காக்கும் ஒரே தொண்டை. நீ கதைச்சா படம் பிழைக்கும்," என்றார்.

தையல் பயிற்சி என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போனாள். சுவரெல்லாம் மெத்தை சாத்திய அறைக்குள் நின்று, அக்கா எப்படிச் சொல்லியிருப்பாள் என்று நினைத்து நினைத்துச் சொன்னாள். முடிந்த பிறகுதான் பயம் வந்தது. இதை வீட்டில் எந்த வாயால் சொல்வது? கடையில் மிச்சக் காசு கேட்கவே கூச்சப்படுகிற பிள்ளை அவள்.

"நீ ஒண்டும் கதைக்கத் தேவையில்ல. வெளியீட்டு விழாவில நானே மேடையில சொல்லுறன். தங்கச்சிதான் அக்காக்குக் குரல் குடுத்தவ எண்டு எல்லாருக்கும் முன்னால சொன்னாத்தானே மரியாதை," என்றார் சேர்.

அவளுக்கு அப்பாடா என்று இருந்தது. அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் இத்தனை மாதம் வாய் திறக்காமல் இருந்தாள்.

*

மண்டபத்தில் விளக்கேற்றி, மௌன அஞ்சலி செய்து, நாலு பேர் பேசி முடித்தார்கள். ஒவ்வொருவரும் "சுருக்கமாகச் சொல்கிறேன்" என்று தொடங்கி நீட்டினார்கள். முன்வரிசையில் பிரதீஸ் கைகளை முழங்காலில் வைத்து, பரீட்சை எழுத வந்தவன் மாதிரி இருந்தான்.

கடைசியில் நல்லரத்தினம் சேர் எழுந்தார். சால்வையைச் சரிசெய்துகொண்டார்.

"கடல் எங்கட கேதீஸ்வரிய எடுத்துப் போட்டுது. ஆனா அவட குரலை எடுக்க ஏலாமப் போச்சு. இந்த இறுவட்டில நீங்க கேக்கப் போறது அவட சொந்தக் குரல்."

மண்டபம் கைதட்டியது. ஆர்த்திகா கைதட்டவில்லை. அடுத்த வசனத்தில் சொல்வார் என்று அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாடகக்காரர் அல்லவா, முதலில் ஒன்றைச் சொல்லி, பிறகு திருப்பித்தானே சொல்வார்.

அடுத்த வசனத்தில் அவர் இரத்தினம்மாவை மேடைக்கு அழைத்தார்.

அம்மா இரண்டு கையாலும் இறுவட்டை வாங்கினாள். வாங்கியதைக் கண்ணில் ஒற்றி, நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். மைக்கைக் கிட்டக் கொண்டு வந்து "ஒரு வார்த்தை சொல்லுங்க அம்மா" என்றார்கள்.

"என்ட பிள்ளை வந்திட்டாள்," என்றாள் இரத்தினம்மா.

மண்டபத்தில் பலர் கண்ணைத் துடைத்தார்கள். அதன் பிறகு ரோல்ஸும் தேத்தண்ணியும் வந்தன. ஆர்த்திகாவின் பெயர் வரவில்லை.

அவள் கைக்கு ஒரு இறுவட்டு வந்தபோது அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். 'குரல்: அமரர் கேதீஸ்வரி' என்று இருந்தது. நல்லரத்தினம் என்ற பெயர் எழுத்து, இயக்கம், தயாரிப்பு என்று போகிற இடமெல்லாம் இருந்தது.

படிக்கட்டுக்குப் பக்கத்தில் அவரைத் தனியாகப் பிடித்தாள். குரல் அவளுக்கே கேட்காத மாதிரி வந்தது.

"சேர், சொல்லுறன் எண்டனீங்களே."

"ஆ, ஆர்த்திகா. நான் பிறகு யோசிச்சன் புள்ள. சுனாமியில போனவட குரல் எண்டாத்தான் வெளியில இதுக்கு ஒரு பெறுமதி. தங்கச்சி கதைச்சது எண்டா அது சும்மா ஒரு படம்."

"வீட்டில நான் என்ன சொல்லுற?"

"ஏன் சொல்லோணும்?" அவர் ரோல்ஸை ஒரு கடி கடித்தார். "அங்க பார் உங்கட அம்மாவ. எவ்வளவு காலத்துக்குப் பிறகு அந்த மனிசி சிரிக்கிறா. நீ போய் அதைப் பறிக்கப் போறியா? கலையில பேர் பாக்கக் கூடாது மகள்."

ஆர்த்திகா அட்டையில் இருந்த அவருடைய பெயர்களைப் பார்த்தாள்.

"மறுகா, ரெண்டாவது படம் ஒண்டு யோசிச்சு வெச்சிரிக்கன்," என்று குரலைத் தாழ்த்தினார். "அதிலயும் அக்கா கதைக்கோணும். அடுத்த கிழமை வா."

யாரோ பொன்னாடையோடு வந்தார்கள். அவர் சிரித்துக்கொண்டே திரும்பினார்.

*

வீட்டில் டிவி இருந்தது, இறுவட்டு ஓட்டுகிற பெட்டி இல்லை. அதை ஸகியா கொண்டுவந்தாள். காத்தான்குடிக்காரி. ஆர்த்திகா வேலை செய்கிற தையல் கடையின் முதலாளி. ஓட்டோவில் இருந்து இறங்கும்போது, குளிப்பாட்டிய குழந்தையைத் தூக்கி வருகிற மாதிரி துவாயில் சுற்றிய பெட்டியை மார்போடு அணைத்திருந்தாள்.

"மெல்லமாப் புடி புள்ள. கத்தார்ல இருந்து அவர் கொண்டு வந்தது. போன் எடுத்தா என்னைச் சுகமா எண்டு கேக்க முந்தி, பெட்டி சுகமா எண்டுதான் கேக்குற மனிசன்."

"இருங்க தங்கச்சி, இருங்க," என்று இரத்தினம்மா அவளுக்குக் கதிரையை இழுத்துப் போட்டாள். "என்ட மூத்தவள் கதைக்கிறதை நீங்களும் கேக்கோணும்."

ஸகியா ஆர்த்திகாவின் முகத்தைப் பார்த்தாள். "என்ன புள்ள, முகம் கிழிஞ்ச துணி மாதிரிக் கிடக்கு?"

"ஒண்டுமில்ல அக்கா."

பிரதீஸ் வயரைக் கொழுவினான். கறுப்பு வெள்ளையில் ஆறு வந்தது. கண்டல் மரங்கள், ஒரு தோணி, பிறகு ஒரு பெண்ணின் முதுகு. அவள் நடக்கத் தொடங்கினாள். குரல் வந்தது.

"நான் நடக்கிறன். ஆறு என்னோட வருகுதில்ல. அது அங்கயே கிடக்கு, பெரிய மனிசர் மாதிரி."

பிரதீஸ் கதிரையில் இருந்து இறங்கி நிலத்தில் உட்கார்ந்தான். டிவிக்குக் கிட்டப் போனான். இன்னும் கிட்டப் போனான். தோள் குலுங்கியது. அக்காவின் செத்தவீட்டிலும் அழாதவன், கல்லு மாதிரி நின்றவன் என்று ஊரே சொன்னவன், இப்போது வாயில் கையை வைத்து அழுதான்.

ஆர்த்திகாவுக்கு அந்த அறையில் நிற்க முடியவில்லை. இதற்கு மேல் விடக் கூடாது, இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று பட்டது. பக்கத்தில் போய்க் குனிந்தாள்.

"மச்சான், ஒரு விசயம் சொல்லோணும்."

அவன் திரும்பாமலே கையை உயர்த்தினான்.

"உஷ்! கதைக்காம இரு. அவள் கதைக்கிறாள்."

ஆர்த்திகா சுவரோடு போய் நின்றாள்.

படம் போய்க்கொண்டே இருந்தது. இடையில் ஓரிடத்தில் அந்தப் பெண் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்றாள். கலியாணமும் இல்லை, கோயிலும் இல்லை. சுற்றிவர ஒரு சனமும் இல்லை. தண்ணீரைப் பார்த்து நின்று, நாக்கைச் சுழற்றிக் குரவை போட்டாள்.

குரவை எழும்பியது, நடுவில் ஒரு இடத்தில் விக்கியது, பிறகு சேர்ந்துகொண்டு இறங்கியது.

இரத்தினம்மாவின் முகத்தில் இருந்த சிரிப்பு நின்றுவிட்டது.

"இது மூத்தவள் இல்ல," என்றாள்.

"என்ன மாமி?"

"கண்ணகை அம்மன் குளிர்த்திச் சடங்கில மூத்தவள் குரவை போட்டா, மூச்சு எங்க எடுக்கிறாள் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. பக்கத்தில நிக்கிறவளுகள் குரவையை விட்டிட்டு அவளைப் பாப்பாளுகள். இது நடுவில விக்குது."

"மாமி, படத்துக்கெண்டு அப்பிடிப் போட்டிருப்பாள். எனக்குத் தெரியாதா என்ட பெண்சாதிட குரல்?"

"கதைக்கிறதை மாத்தலாம் தம்பி. குரவையை மாத்த ஏலாது. அது வயித்துக்குள்ள இருந்து வாறது." இரத்தினம்மா மெதுவாகத் திரும்பினாள். "இந்த வீட்டில குரவை போட்டா நடுவில விக்கிறது ஆரு?"

அவள் பார்வை சுவரோரம் போய் நின்றது. ஸகியா வாயில் இருந்த வெற்றிலையை மெல்லாமல் வைத்திருந்தாள்.

ஆர்த்திகாவுக்கு "நான்தான்" என்ற சொல் வரவில்லை. டிவியில் அந்தப் பெண் தண்ணீரை விட்டு ஏறி, ஒரு மதகில் போய் நின்றாள். அடுத்து என்ன சொல்வாள் என்று இந்த வீட்டில் ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும்.

ஆர்த்திகா வாயைத் திறந்தாள்.

"என்ட நிழலை ஆரோ மிதிச்சிட்டுப் போறாங்க. நோகுது."

ஒரு மூச்சு நேரம் கழித்து, டிவியும் அதையே சொன்னது. அதே குரலில், அதே இழுவையில்.

பிரதீஸ் பெட்டியை நிறுத்தினான். அவன் விரல் அந்தப் பொத்தானிலேயே இருந்தது.

"நாடா கடல்ல பழுதாப் போச்சு," என்றாள் ஆர்த்திகா. "சேர் என்னைக் கதைக்கச் சொன்னவர். இண்டைக்கு மேடையில தான் சொல்லுறன் எண்டவர். சொல்லல்ல."

"அவர் சொல்லல்ல," என்று இரத்தினம்மா திருப்பிச் சொன்னாள். "உனக்கு வாய் இல்லையா? என்னை மேடையில ஏத்திப்போட்டு, என்ட பிள்ளைட குரல் எண்டு நான் நெஞ்சில வெச்சுக் கும்பிட, நீ கீழ இருந்து பாத்துக்கொண்டுதானே இருந்தாய்!"

"அது உங்கட பிள்ளைட குரல்தானேம்மா."

இரத்தினம்மா சேலைத் தலைப்பை உதறிக்கொண்டு எழும்பி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

ஸகியா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தாள். பெட்டியைப் பார்த்தாள், பிரதீஸைப் பார்த்தாள், துவாயை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டாள்.

"பெட்டி இஞ்ச கிடக்கட்டும். நாளைக்கு எடுக்கன்."

வாசல் படலை வரைக்கும் ஆர்த்திகா கூடப் போனாள்.

"அந்த மனிசன் ஒன்னை ஏமாத்தினது சரிதான் புள்ள," என்றாள் ஸகியா. "ஆனா ஒண்டு செல்லன், கோவிக்காத. நம்மட வாயால செல்ல வேண்டியதை இன்னொரு ஆள்ட வாயில குடுத்தா, அவன் தனக்குத் தேவையானதைத்தான் செல்லுவான்."

*

பிரதீஸ் கிணற்றடியில் நின்றுகொண்டிருந்தான். வெயில் இறங்கிவிட்டது. பக்கத்து வீட்டில் யாரோ கிரிக்கெட் ஸ்கோரைச் சத்தம் போட்டுக் கேட்டார்கள்.

ஆர்த்திகா போய் நின்றாள். அடிப்பான் என்று நினைத்தாள். அடித்தாலும் பரவாயில்லை என்று நினைத்தாள்.

"எல்லாத்தையும் நீதான் கதைச்சியா?" என்று கேட்டான்.

"ஓம்."

"இடையில வாற அந்தச் சிரிப்பும்?"

"ஓம்."

அவன் அவள் பக்கம் திரும்பினான். முகத்தில் கோபம் இல்லை. அதுதான் அவளைப் பயப்படுத்தியது. கல்யாணம் முடித்த நாளிலிருந்து அவன் இவ்வளவு ஆசையோடு அவள் முகத்தைப் பார்த்ததில்லை.

"என்ட பேரைச் சொல்லு," என்றான்.

"என்ன மச்சான்?"

"மச்சான் இல்ல. பிரதீஸ் எண்டு சொல்லு. அவள் சொல்லுற மாதிரி."

கேதீஸ்வரி அவனைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவாள். பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள், அவள் இன்னும் சத்தமாகக் கூப்பிடுவாள். அந்தப் பேரின் முடிவில் அவள் கொடுக்கிற ஒரு நெளிவு ஆர்த்திகாவுக்கு நன்றாகத் தெரியும். அவளால் அப்படியே சொல்லவும் முடியும்.

"ஒருக்காச் சொல்லு. ஒரே ஒருக்கா. ஆருக்கும் தெரியாது."

படிக்கட்டில் நின்ற சேரும் இதைத்தான் சொன்னார். ஒருவருக்கும் சொல்லத் தேவையில்லை. வா, அக்கா கதைக்கட்டும்.

"மூண்டு வருசமா நான் இந்த வீட்டில கதைக்கிறன்," என்றாள் ஆர்த்திகா. "உப்புக் காணுமா எண்டு கேட்டன். தலையிடியா எண்டு கேட்டன். பஸ் பிந்திச்சா எண்டு கேட்டன். ஒரு நாளும் நீங்க நிமிந்து பாக்கல்ல. இண்டைக்கு டிவிக்கு முன்னால இருந்து அழுதீங்க. அதுவும் நான்தான் மச்சான். அதே தொண்டைதான்."

"அது நீ இல்ல," என்றான் பிரதீஸ்.

தெரிந்துகொண்டே சொன்னான். அவள் கண் முன்னால் நின்று, அவள் வாயைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அப்ப ஆரு?"

அவன் வாளியில் தண்ணீர் அள்ளி முகத்தைக் கழுவினான், ஏதோ வேலையிருக்கிறவன் மாதிரி அவளைத் தாண்டி வீட்டுக்குள் போனான்.

ஆர்த்திகா அடுப்படிக்குப் போனாள். சோறு வடித்தாள். மத்தியானம் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. மீன் குழம்பைச் சூடாக்கினாள், சுங்கான் மீன் என்றால் அவனுக்குப் பிடிக்கும். அறைக் கதவைத் தட்டி "அம்மா, சாப்பிட வாங்க" என்றாள். உள்ளே கட்டில் அசைந்த சத்தம் மட்டும் கேட்டது.

மூன்று சோற்றுக் கோப்பைகளைக் கழுவி வைத்துவிட்டு, அடுப்படி வாசலில் நின்று முன் அறைப் பக்கம் குரல் கொடுத்தாள்.

"மச்சான், சோறு போடட்டா?"

பதில் இல்லை.

கேட்கவில்லையாக்கும் என்று இன்னும் சத்தமாகக் கூப்பிட்டாள்.

"மச்சான்!"

முன் அறையில் லைட் போடவில்லை. கறுப்பு வெள்ளை வெளிச்சம் மட்டும் சுவரில் அசைந்தது. மத்தியானம் நிறுத்திய இடத்திலிருந்து படம் மறுபடியும் ஓடிக்கொண்டிருந்தது. அவன் நிலத்தில், திரைக்குக் கிட்ட, முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தான்.

டிவியில் அந்தப் பெண் ஆற்றைப் பார்த்து நின்றாள். ஆர்த்திகாவின் குரல் அதற்குள்ளிருந்து வந்தது.

"பொழுது பட்டுட்டுது. இன்னும் அங்க நிண்டு என்ன செய்யிறீங்க? வாங்க."

"ஓம்," என்றான் பிரதீஸ். "வாறன்."